காலி என்று காட்டிய ஆறாம் நாள்

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். சொன்னதும் எல்லாம் புரிந்தது போலத் தலையாட்டுவார்கள். அடுத்த நிமிடமே, "அப்ப நம்ம வீட்டு பிரிண்டர கொஞ்சம் பாரேன்லா" என்பார்கள்.

பயனர் அனுபவ வடிவமைப்பு. ஆபீஸில் யூஎக்ஸ் என்று சுருக்கிக்கொள்வோம். பெயர்தான் நீளம், விஷயம் சின்னது. ஈப்போவில் ஒரு பேங்க் கதவு இருக்கிறது. கைப்பிடியைப் பார்த்தால் இழுக்கச் சொல்லும். அதற்கு மேலே 'தள்ளு' என்று மலாயில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நான் மூன்று தடவை இழுத்திருக்கிறேன். பின்னால் நிற்பவன் சிரிப்பான், எனக்கு வெட்கமாக இருக்கும். நான் ஏன் வெட்கப்படணும்? தப்பு அந்தக் கைப்பிடியை வைத்தவனுடையது. ஒரு கதவை யார் திறக்க வருகிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறார்கள், எந்த அவசரத்தில் வருகிறார்கள் என்று முன்னாலேயே போய்ப் பார்த்து, கேட்டு, அதற்கேற்ற மாதிரி செய்வதுதான் என் வேலை. என்ன, கதவுக்குப் பதில் ஃபோன் திரை.

நான் பெரிய படிப்புப் படித்து இதற்கு வரவில்லை. பத்து வருடம் ரப்பர் கையுறை ஃபேக்டரியில் ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தேன். கையுறையில் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுவோம், சொட்டினால் எடுத்து வீசுவோம். பிறகு இணையத்தில் ஒரு வகுப்பு எடுத்து, ஈப்போவில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். இங்கேயும் ஓட்டைதான் பார்க்கிறேன். ஏர்கண்டிஷன் உண்டு, அது ஒன்றுதான் வித்தியாசம்.

அந்த வகுப்பில் சொன்னதை நானே சுருக்கிச் சொல்கிறேன். முதலில் போய்ப் பார். இந்தக் காரியத்தை இப்போது எப்படிச் செய்கிறார்கள், எங்கே கடுப்பாகிறார்கள் என்று பார். அவர்களுடைய தொல்லையை ஒரே வரியில் எழுது. பிறகு காகிதத்தில் கிறுக்கு. கிறுக்கியதை அவர்கள் கையிலேயே கொடுத்து, வாயை மூடிக்கொண்டு கவனி. திணறினால் திருத்து, மறுபடியும் கொடு. கடைசியில்தான் கணினியைத் தொட வேண்டும்.

புந்தோங்கில் எங்கள் வீட்டுப் பக்கத்து அம்மன் கோயிலுக்காக வேலை செய்தபோது, இதில் முதல் படியிலிருந்து கடைசிக்கு முந்தின படி வரைக்கும் நான் தாண்டிக் குதித்தேன்.

கோயில் செயலாளர் ஒரு ரிட்டையர்டு தபால்காரர். திருவிழா பத்து நாள், நாளுக்கு ஓர் உபயம். அன்றைய அபிஷேகம், அலங்காரம், அன்னதானம் எல்லாம் உபயக்காரர்கள் பொறுப்பு. பத்துக் கூட்டத்தையும் செயலாளர் தலையிலேயே வைத்திருந்தார். திருவிழாவுக்கு நான்கு மாதம் முன்பிருந்தே அவர் ஃபோன் ஓயாது. ஒரு நாள் என்னை வழியில் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, நீ கம்ப்யூட்டர்லதான வேல செய்யிற? உபயத்துக்கு ஒரு வெப்சைட் போட்டுக் குடேன். சோறு தின்னும்போதும் ஃபோன் அடிக்குது. என் பொண்டாட்டி ஃபோனத் தூக்கி வாளியில போட்டுடுவேங்கிறா."

"செஞ்சிடலாம்ணே. என்னென்ன விவரம் போடணும்?"

"என்ன விவரம்? பத்து நாளு. நாளு, நேரம், கூப்பிடுற நம்பர். முடிஞ்சுச்சு."

ஒரு தாளில் பத்து நாளையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். வேறு எந்த வேலையாக இருந்தாலும் இருபது கேள்வி கேட்டிருப்பேன். இது என் கோயில், நான் இங்கேயே பிறந்தவள், இந்த ஜனங்களை எனக்குத் தெரியாதா என்ற திமிர். இரண்டு வார இறுதியில் முடித்துவிட்டேன். பத்து நாளுக்குப் பத்துக் கட்டம். காலியாக இருந்தால் பச்சை, யாராவது எடுத்துவிட்டால் சாம்பல். ஆறாம் நாள் சனிக்கிழமை, கூட்டம் அதிகம் வருமே என்று அந்த ஒரு கட்டத்தை மட்டும் கரும்பச்சையாக்கி, பெரிதாக்கி, மேலே ஒரு நட்சத்திரமும் வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. செயலாளரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, "பரவால்லியே, லட்சணமா இருக்கு" என்றார். அதோடு பரிசோதனை முடிந்தது. வெட்கக்கேடு.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் திறந்தோம். செயலாளர் இணைப்பை கோயில் குரூப்பில் போட்டார். இருநூறு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். திறந்து பார்த்தது ஒரே ஒருவர். கோயிலுக்குப் பின்தெருவில் டயர் கடை வைத்திருப்பவர். போன வாரம்தான் அவரை குரூப்பில் சேர்த்திருந்தார்கள். எட்டு மணி நான்கு நிமிடத்துக்கு அவர் ஆறாம் நாளை அமுக்கினார். 'உங்கள் உபயம் உறுதி செய்யப்பட்டது' என்று பதில் போயிற்று, அதை அவர் குரூப்பிலும் போட்டார். நட்சத்திரக் கட்டம் சாம்பலானது. நான் மகிழ்ச்சியாகத் தோசை சாப்பிடப் போனேன்.

ஒன்பது மணிக்கு ஃபோன் வந்தது. பேசியது மூணாவது டிவிஷன் அக்கா. சிம்பாங் பூலாய்க்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் மூன்றாவது பிரிவில் குடியிருந்தவர்களை எங்கள் பக்கம் இன்னும் மூணாவது டிவிஷன் என்றுதான் சொல்வார்கள். தோட்டத்தை விற்று, வீடு கட்டி, தாமான் என்று குடியிருப்பாக்கி ரொம்ப வருடமாகிவிட்டது. அந்த அக்கா புந்தோங் அடுக்குமாடியில் இருக்கிறார், பள்ளிக்கூட கேன்டீனில் சமைக்கிறார். மற்றவர்கள் தாப்பாவில், ஜொகூரில், சிங்கப்பூரில் என்று ஆளுக்கொரு பக்கம். கோயில் உபயத்தில் ஆறாம் நாள் அவர்களுடையது.

"ஏ பிள்ள, எங்க நாள யாருக்குத் தூக்கிக் குடுத்த?"

"அக்கா, நான் யாருக்கும் கொடுக்கல. அது காலியா இருந்துச்சு, ஒருத்தரு புக் பண்ணிட்டாரு."

"காலியா? யாரு சொன்னா காலின்னு? முப்பது வருசமா நாங்கதான செய்யிறோம்!"

"நீங்க ஏன்க்கா புக் பண்ணல? லிங்க் வந்துச்சே."

"எங்க நாள நாங்க எதுக்குப் புக் பண்ணணும்? உன் வீட்டுக்குப் போறதுக்கு நீ டிக்கெட்டு எடுப்பியா?"

செயலாளர் வீட்டுக்கு ஓடினேன். அவர் வாசலில் நின்று இரண்டு காதிலும் இரண்டு ஃபோன் வைத்திருந்தார்.

"அண்ணே, ஆறாம் நாளு மூணாவது டிவிஷனுதுன்னு நீங்க ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அது எல்லாருக்கும் தெரியும்லா."

"எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டருக்கும் தெரியாது."

"நீ புந்தோங்குதான?"

அடிக்கலாம் போல இருந்தது. அவரை இல்லை, என்னை. இங்கே யாரும் உபயத்தை 'எடுத்தது' கிடையாது. கொடி இறக்குகிற அன்று ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒருவர் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, "அடுத்த வருசமும் நம்மதாங்க" என்று செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போவார். முன்பதிவு அதுதான். பத்து நாளும் போன வருடமே நிரம்பிவிட்டது. நிரம்பிய பத்துக் கட்டத்துக்குப் பச்சைச் சாயம் பூசி, வாங்க வாங்க என்று ஊரைக் கூப்பிட்டிருக்கிறேன் நான்.

பக்கத்தில் புதிதாக யாரும் பதிய முடியாதபடி உடனே நிறுத்தினேன். ஆனால் கோயில் பெயரில் உறுதி சொல்லியாகிவிட்டது, ஆறாம் நாள் போனது போனதுதான். திருவிழா நோட்டீஸ் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதில் எந்தப் பெயர் ஏறுகிறதோ அதுதான் உபயம். கையில் ஐந்து நாள் இருந்தது.

அன்றைக்கே டயர் கடைக்காரரை ஃபோனில் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். என்னை விட இரண்டு மூன்று வயது பெரியவர், நான் அண்ணே என்றேன், ஆனாலும் அவர் என்னை அக்கா என்றார். மரியாதை அதோடு சரி.

"நீங்க போட்ட பட்டன், நான் அமுக்குனேன். என் மேல என்னாக்கா தப்பு?"

"உங்க மேல தப்பே இல்லண்ணே. என் தப்பு. கொஞ்சம் விட்டுக் குடுத்தீங்கன்னா..."

"இருபது வருசமா இந்தக் கோயிலுக்குப் பின்னால இருக்கேன். ஒவ்வொரு வருசமும் கேப்பேன். எடமில்லம்பாங்க. இந்த வருசம் எடமிருக்குன்னு நீங்களே போட்டீங்க. எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன், அது அழுவுது சந்தோசத்துல. இப்பப் போயி இல்லன்னு நீங்க வந்து சொல்றீங்களா அதுகிட்ட?"

வைத்துவிட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை, அதுதான் எரிச்சல்.

திங்கட்கிழமை ஆபீஸில் என் பக்கத்து மேசைக்காரியிடம் புலம்பினேன். சீனப் பெண். என்னை விடப் பத்து வயது சின்னவள், வேலையில் என்னை விடச் சீனியர். காப்பியை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"எத்தன பேர வெச்சு டெஸ்ட் பண்ணின?"

"ஒருத்தரு. செயலாளரு."

"அவரு வேல கொடுத்தவருலா. பயன்படுத்துறவங்கள்ல எத்தன பேரு?"

நான் விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன்.

"சீரோ," என்று அவளே சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அதற்கு மேல் பேச அவளுக்கு ஒன்றுமில்லை. எனக்கும் அதற்கு மேல் தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலம் மூணாவது டிவிஷன் அக்கா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் இந்த முறை வேலையையும் ஒழுங்காகச் செய்வது என்று முடிவு. எங்கள் வேலையில் ஒரு பாடம் உண்டு. என்ன வேண்டும் என்று கேட்டால் ஜனங்கள் வாயில் வந்ததைச் சொல்வார்கள். போன தடவை என்ன நடந்தது, காலையிலிருந்து சொல்லுங்கள் என்று கேட்டால் உண்மை வரும்.

"போன வருசம் ஆறாம் நாளு காலையில எந்திரிச்சதுலேர்ந்து சொல்லுங்கக்கா."

"ஏன், அதையும் யாருக்காச்சும் எழுதிக் குடுக்கப் போறியா?"

ஆனாலும் சொன்னார். விடிகாலையில் ஜொகூரிலிருந்து பஸ் வரும். நாற்பது பேர். தாப்பாவிலிருந்து இரண்டு வேன். காய் நறுக்குவது பெண்கள், சோறு வடிப்பது ஆண்கள். சாம்பாருக்கு உப்புப் போடுவது யார் என்று வருடா வருடம் சண்டை. மத்தியானம் எல்லாரும் மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, யார் பிள்ளைக்குக் கல்யாணம், யாருக்குச் சர்க்கரை என்று பேசுவது. சாயங்காலம் பூசை. ஒரு மணி நேரம் பேசினார். அதில் அம்மனைப் பற்றி வந்தது மொத்தம் மூன்று வாக்கியம்.

"வேற நாளு மாத்திக் குடுத்தா செய்வீங்களாக்கா? அஞ்சாம் நாளு வெள்ளிக்கிழம. அம்மனுக்கு அதானே விசேசம்?"

"ஏ பிள்ள, சாமி எந்த நாளும் வரும். சிங்கப்பூரு ஃபேக்டரி லீவு எந்த நாளும் வராது." ஃபோனை எடுத்து மூக்குக்கு நேரே நீட்டினார். அவர்கள் குரூப்பில் லீவுக் கடிதங்களை ஒருவர் பின் ஒருவராகப் படமெடுத்துப் போட்டிருந்தார்கள். "எல்லாருக்கும் பாஸாயிருச்சு. பஸ்ஸும் சொல்லியாச்சு. சனிக்கிழமன்னா நாங்க இருக்கோம். இல்லன்னா இந்த வருசம் நாங்க ஒருத்தர ஒருத்தரு பாக்கப் போறதில்ல. சாவு வீட்டுலதான் பாத்துக்கணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டேன். ஆறாம் நாள் சனிக்கிழமையில் விழுவதற்காகவே எங்கள் கோயிலில் கொடியேற்றத்தைத் திங்கட்கிழமையாகப் பார்த்து வைக்கிறார்கள் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு தோட்டத்து ஜனம் ஒன்றாகச் சேர்வதற்கு வருடத்துக்கு ஒரு நாள். அதைத்தான் நான் நட்சத்திரம் ஒட்டி விற்பனைப் பொருள் மாதிரி வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை செயலாளரைப் பிடித்து கோயில் ஆபீஸ் தரையில் உட்கார வைத்தேன். முட்டி வலிக்கிறது என்றார். எனக்கும்தான் வலிக்கிறது, உட்காருங்கள் என்றேன். பத்துத் துண்டுத் தாளை வரிசையாகப் பரப்பி, ஒவ்வொரு நாளும் யாருடையது, போன வருடம் யார் வந்தது, யார் சமைத்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன்.

"மொத நாளு கமிட்டி. மூணாம் நாளு பாசார்ல காய்கறிக் கடக்காரங்க..."

"இருங்க. ரெண்டாம் நாளு?"

"ரெண்டாம் நாளு லம்பத்துக்காரங்க." ஈயம் தோண்டிய லம்பத்தில் வேலை செய்தவர்கள் என்று அர்த்தம். அந்த லம்பங்கள் எல்லாம் இப்போது மீன் குளம்.

"போன வருசம் அவங்கள்ல யாரு வந்தா?"

செயலாளர் மேலே ஓடுகிற காற்றாடியைப் பார்த்தார்.

"யாருண்ணே வந்தா?"

"அவங்கள்ல இப்ப யாரு இருக்கா? கடேசியா ஒருத்தரு இருந்தாரு, அவரும் மகளோட பினாங்குக்குப் போயிட்டாரு."

"அப்ப யாரு செய்யிறா?"

"நம்ம கமிட்டிதான். ஏழெட்டு வருசமா. நோட்டீசுல பேரு மட்டும் போட்டுக்கிட்டே இருக்கோம். எடுக்க மனசு வரல. யாரும் கேக்கவும் இல்ல."

நான் எழுந்து நின்றுவிட்டேன். டயர் கடைக்காரருக்கு இருபது வருடமாக இடமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அதில் ஏழெட்டு வருடம் ஒரு நாளைக் காலியாக வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். பொய் என்று நினைத்துச் சொன்னதல்ல. அவர் தலைக்குள் அந்தக் கட்டம் நிரம்பித்தான் இருந்தது.

"அந்த நாள டயர் கடக்காரருக்குக் குடுக்கலாமில்ல?"

"குடுக்கலாம்தான். லம்பத்துக்காரங்க பேரையும் சின்னதா கீழ போட்டுருவோம். ஆனா அவரு வாங்க மாட்டாரு தங்கச்சி. செவ்வாக்கிழம வேல நாளு, யாரு வருவா? சனிக்கிழமைய விட்டுட்டு அத எவன் வாங்குவான்?"

புதன்கிழமை மத்தியானம் டயர் கடைக்குப் போனேன். அவர் ஒரு லாரிச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும் இன்னும் சத்தமாகக் கழற்றினார். நான் அடுக்கி வைத்த டயர் மேல் உட்கார்ந்துகொண்டேன். ஃபேக்டரியில் பத்து வருடம் இருந்தவளுக்குச் சத்தம் ஒரு பொருட்டில்லை. கடைசியில் அவரே நிறுத்தினார்.

"என்னாக்கா வேணும்?"

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், அப்புறம் போயிடுறேன். அன்னிக்கு ஃபோன தொறந்ததும் என்ன பாத்தீங்க, எதுக்கு அந்தக் கட்டத்த அமுக்குனீங்க? ஒண்ணுவிடாம சொல்லுங்க."

"எதுக்கா? தொறந்தேன். நடுவுல ஒண்ணு பெரிசா, நட்சத்திரம் போட்டு இருந்துச்சு. கோயிலே இத எடுத்துக்கன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. எடுத்தேன்."

"சனிக்கிழமதான் வேணும்னு எடுக்கல?"

"சனிக்கிழம எனக்கு ஏவாரம் அதிகம்கா. கடைய மூடணும். சரி, சாமி சொல்லுது, மூடுவோம்னு இருந்தேன்."

சாமி சொல்லவில்லை. நான் சொன்னேன். நட்சத்திரம் என்னுடையது. அதை அவரிடம் சொன்னேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் இரண்டாம் நாள் விஷயத்தை எடுத்தேன்.

"அதான பாத்தேன். ஆளில்லாத நாள என் தலையில கட்ட வந்தீங்களா?"

"உங்க தலையில இல்லண்ணே. உபயம் உங்களுக்கா, அம்மாவுக்கா?"

"அம்மாவுக்குத்தான்."

"அப்ப அம்மாகிட்ட கேக்கலாமா?"

அதை அவர் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், கேட்கும் வரைக்கும் நானும் யோசிக்கவில்லை. பொத்தானை அமுக்குகிறவர் ஒருவர், காரியம் இன்னொருவருக்கு. வகுப்பில் இதற்குத் தனியாக ஒரு பாடமே இருந்தது, அதில் நான் நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன்.

வீடு கடைக்கு மேலேயே இருந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஊசி போட்ட இடத்தில் பெரிய பிளாஸ்திரி. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ், காலையில்தான் போய் வந்திருக்கிறார். மகன் என்னை அறிமுகப்படுத்திய விதம்: "இவங்கதாம்மா அந்த வெப்சைட்டு."

"வாம்மா வெப்சைட்டு, உக்காரு," என்றார் அந்த அம்மா.

அவரிடமும் காலையிலிருந்து என்று ஆரம்பித்தேன். போன வருடம் திருவிழாவுக்கு எந்த நாள் போனீர்கள், என்ன ஆனது?

"சனிக்கிழமதான் போனேன். எங்க பாக்க விட்டாங்க? முன்னால ஜொகூர்க்காரக் கூட்டம் நிக்கிது, நான் பின்னால நாக்காலியில இருக்கேன். எல்லாரு முதுகையும் பாத்துட்டு வந்துட்டேன். அம்மன் முகத்தப் பாக்கல."

மகன் தரையைப் பார்த்தார்.

"இந்த வருசம் உங்க உபயம்னா, எந்த நாளா இருந்தா நல்லாருக்கும்மா?"

"அவன் சனின்னானே."

"செவ்வாக்கிழம ஒண்ணு இருக்கு. ஆனா கூட்டம் வராது."

அந்த அம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"செவ்வாக்கிழமையா? அம்மனுக்கு ஏத்த செவ்வாக்கிழமையா? எனக்கு ஊசியும் இல்லாத நாளா?" மகன் பக்கம் திரும்பினார். "செவ்வாக்கிழம கெடைக்கும்போது எவண்டா போயி சனிக்கிழம எடுப்பான்? புத்தி இருக்கா உனக்கு?"

"யம்மா, நட்சத்திரம் போட்டிருந்துச்சும்மா..."

"உன் நட்சத்திரம் எனக்குத் தெரியாதா? நான்தான உன்னப் பெத்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகனுக்கும். அவர் ஃபோனை எடுத்து, "சரிக்கா, இப்பவே கேன்சல் பண்ணிடுறேன்" என்று என் பக்கத்தைத் திறந்தார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார், தன் பெயரைத் தட்டினார், சாம்பல் கட்டத்தைத் தட்டினார்.

"கேன்சல் எங்க இருக்கு?"

இல்லை. நான் வைக்கவே இல்லை. ஒருவர் மனம் மாறுவார் என்றே எனக்குத் தோன்றவில்லை.

"உள்ள விடத் தெரியிது, வெளிய விடத் தெரியல," என்றார் அம்மா. அவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அங்கேயே மேசையில் என் மடிக்கணினியைத் திறந்து, பின்வாசல் வழியாகப் புகுந்து, மகன் பெயரை ஆறாம் நாளிலிருந்து எடுத்து இரண்டாம் நாளில் போட்டேன். வியாழக்கிழமை மூணாவது டிவிஷன் பெயர் ஆறாம் நாளில் ஏறிய நோட்டீஸ் படியைச் செயலாளர் குரூப்பில் போட்டார். இருநூறு கட்டைவிரல். அக்கா மட்டும் எனக்குத் தனியாக ஒரு குரல் செய்தி அனுப்பினார். "பாத்தேன். எழுத்து சின்னதா இருக்கு." நன்றி என்ற சொல்லைத் தேடிக் கடைசி வரை கேட்டேன், கிடைக்கவில்லை.

பிறகு பக்கத்தை முதலிலிருந்து செய்தேன். காகிதத்தில். பச்சை போனது, நட்சத்திரம் போனது. ஒவ்வொரு கட்டத்திலும் போன வருடம் யார் செய்தார்கள் என்ற பெயர் முதலில் வரும். அவர்களுக்கு ஒரு மாதம் அவகாசம், செயலாளரே ஒவ்வொருவருக்கும் ஃபோன் போட்டுக் கேட்பார். வேண்டாம் என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகுதான் அந்தக் கட்டம் மற்றவர்களுக்குத் திறக்கும். இடம் கேட்டுக் காத்திருப்பவர்களுக்கு ஒரு தனி வரிசை. அந்த வரிசையை எல்லாரும் பார்க்கலாம், செயலாளர் தலைக்குள் ஒளிக்க முடியாது. அவருக்கு இது பிடிக்கவில்லை. பழகிக்கொள்ளட்டும்.

அந்தத் தாளை ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தேன். காய்கறிக் கடைக்காரர் ஃபோனை நீட்டுகிற மாதிரி தாளைக் கை நீளத்துக்குப் பிடித்தார், எழுத்தை இரண்டு மடங்காக்கினேன். டயர் கடைக்காரர் கட்டைவிரலை வைத்தால் இரண்டு பொத்தான் சேர்ந்து மறைந்தது, தள்ளி வைத்தேன். அக்கா 'சமர்ப்பி' என்பதைப் பார்த்து, "என்னத்த, தேங்காயா பழமா?" என்று கேட்டார், 'அனுப்பு' என்று மாற்றினேன். ஒவ்வொரு முறையும் குறுக்கே புகுந்து விளக்கம் சொல்ல வாய் துடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வேலையிலேயே கஷ்டமானது அதுதான். கணினி எல்லாம் சுலபம்.

திருவிழா வந்தது. செவ்வாய்க்கிழமை டயர் கடை அம்மா சன்னிதிக்கு நேரே, முதல் ஆளாக, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கூட்டம் நாற்பது பேர்கூட இல்லை. யார் முதுகும் அவருக்கு முன்னால் இல்லை.

சனிக்கிழமை விடிகாலையில் ஜொகூர் பஸ் வந்து நின்றது. அக்கா என்னை பஸ் கதவுக்குப் பக்கத்திலேயே நிறுத்திவைத்து, இறங்குகிற ஒவ்வொருவருக்கும் அறிமுகப்படுத்தினார்.

"இவதான் நம்ம நாளத் தூக்கி டயர் கடைக்குக் குடுத்தவ."

"ஓ, நீங்கதானாக்கா அது?" என்றான் ஒருவன். தூங்கிய முகத்தோடு இறங்கிய ஒரு பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாத்தா நல்ல பிள்ளையாத்தான் இருக்கு" என்றார். நாற்பது பேருக்கும் நான் நின்ற இடத்திலேயே மன்னிப்புக் கேட்டேன். இருபதாவது ஆளுக்கு மேல் அவர்கள் என்னைத் திட்டவில்லை, என் கையில் பையைக் கொடுத்து இறக்கச் சொல்லிவிட்டார்கள்.

பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தபோது, ஜொகூரில் பாசீர் கூடாங் துறைமுகத்தில் வேலை செய்கிற ஓர் அண்ணன் வந்து எதிரே குந்தினார். ஃபோனில் லீவு விண்ணப்பத்தைத் திறந்து வைத்திருந்தார்.

"அடுத்த வருசமும் சனிக்கிழமதான? எங்க கம்பெனியில இப்பவே போடணும். அப்புறம் போட்டா கெடைக்காது."

அவரைச் சுற்றி காய் நறுக்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் கத்தியை நிறுத்தினார்கள். செயலாளர் ஐந்தடி தள்ளி டீ குடித்துக்கொண்டு நின்றார். அவரை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

வாய் வரைக்கும் வந்த பதிலை நிறுத்திக்கொண்டு, கையைத் துடைத்து, ஃபோனை எடுத்து, அடுத்த வருட நாட்காட்டியைத் திறந்தேன். கொடியேற்றம் திங்கட்கிழமைதானா என்று செயலாளரிடம் சத்தமாகக் கேட்டேன். அவர் ஆமாம் என்றார். தேதியைச் சொல்லச் சொன்னேன். சொன்னார். நான் எண்ணிப் பார்த்தேன், ஆறாம் நாள் சனிக்கிழமைதான். அக்காவிடம் திரும்பி, "அடுத்த வருசமும் ஆறாம் நாளு நீங்கதானக்கா? உங்க வாயால சொல்லுங்க" என்றேன்.

"பின்ன யாரு?" என்றார் அக்கா.

"லீவு போடுங்கண்ணே," என்றேன் துறைமுகத்து அண்ணனிடம். அவர் அமுக்கினார்.